'கேரோஸ் லா' தொடரில் எது நடந்தது, எது நடக்கவில்லை?

கேள்வி: மகள் இந்த வருடம் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பிபிசி எடுத்த 'கேரோஸ் லா' தொடரைப் பார்க்கச் சொல்லி சீனியர் மாணவர்கள் சொன்னார்களாம். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். அதில் வருவதெல்லாம் உண்மையில் நடந்ததா? 'குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி' என்பதை அந்த வக்கீல்தான் முதலில் சொன்னாரா?

பதில்:

வில்லியம் கேரோ வாழ்ந்த மனிதர்தான். 1760-இல் லண்டனுக்கு வடக்கே மங்கன் ஹாட்லி என்ற ஊரில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தார், 1840-இல் இறந்தார். நீங்கள் கேட்கிற வாசகத்தை 1791-இல் லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டில் அவர் சொன்னதும் பதிவில் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்ன வழக்கில் அவர் தோற்றார். தொடரில் அவர் நடத்துவதாகக் காட்டும் பெரிய வழக்குகளில் சில, அவர் கையால் தொடாதவை. அப்படியிருந்தும் மூன்று பருவங்களையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் ஜூனியர்களையும் பார்க்கச் சொல்கிறேன்.

இருபத்தைந்து வருடமாக செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். என் வேலையில் பாதிக்கு மேல் குறுக்கு விசாரணை. கோர்ட்டில் நாங்கள் 'கிராஸ்' என்றுதான் சொல்வோம். சாட்சிக் கூண்டில் நிற்கிறவரிடம் கேள்வி கேட்டே, அவர் சொன்ன கதையில் எங்கே ஓட்டை என்று கோர்ட்டுக்குக் காட்டுகிற வேலை. இந்த வேலைக்கு முன்னோடி என்று ஒருவரைக் கை காட்டச் சொன்னால் நான் கேரோவைத்தான் காட்டுவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்துக் கோர்ட் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறுக்கும் மேல். கடையிலிருந்து யாரும் பார்க்காமல் ஐந்து ஷில்லிங் பெறுமானப் பொருளை எடுத்தால் தூக்கு. குடியிருக்கும் வீட்டிலிருந்து நாற்பது ஷில்லிங் பெறுமானத்தைத் திருடினால் தூக்கு. விசாரணை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரே பன்னிரண்டு ஜூரிகள் வரிசையாக வழக்குக்குப் பின் வழக்கு கேட்பார்கள், எழுந்து போகாமல் இருந்த இடத்திலேயே தலைகளைச் சேர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தீர்ப்பு சொல்வார்கள்.

கைதி நிற்கிற இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அவன் முகத்தில் விழும். சாட்சி பேசும்போது கைதியின் முகம் எப்படி மாறுகிறது என்று ஜூரிகள் பார்க்க வேண்டுமாம். குரல் எடுபடுவதற்காகத் தலைக்கு மேல் ஒரு பலகையும் உண்டு. நியூகேட் சிறையிலிருந்து நேராகக் கொண்டுவரப்பட்டவன். வழக்கு என்ன என்று எழுதிய குற்றப் பத்திரிகையின் நகல்கூட அவனுக்குக் கிடையாது, வாசிக்கக் கேட்டதுதான். 1750-இல் இந்தக் கோர்ட்டில் சிறைக் காய்ச்சல் பரவி லண்டன் மேயர், இரண்டு நீதிபதிகள் உட்பட ஏறக்குறைய அறுபது பேர் செத்துப் போனார்கள். அதன் பிறகு நீதிபதிகள் மூக்கருகே பூச்செண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேரோ நுழைந்தபோது அது 1774-இல் புதிதாகக் கட்டிய கட்டடம்.

இனி வக்கீல் விஷயம். தொடரைப் புரிந்துகொள்வதற்கும், தொடர் எங்கே தடம் மாறுகிறது என்று பார்ப்பதற்கும் இதுதான் சாவி. சின்னக் குற்றத்துக்கு வக்கீல் வைத்துக்கொள்ளலாம். சிவில் வழக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். உயிர் போகிற குற்றத்துக்கு மட்டும் கூடாது! கைதிக்காக நீதிபதியே பார்த்துக்கொள்வார், உண்மையைச் சொல்ல நிரபராதிக்கு வக்கீல் எதற்கு என்பது அவர்கள் சொன்ன நியாயம். 1730-களில் நீதிபதிகள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். கைதியின் வக்கீல் அரசுத் தரப்பு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், சட்டப் பிரச்சினை எழுந்தால் நீதிபதியிடம் வாதிடலாம். ஜூரிகளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. தன் கட்சிக்காரர் தரப்புக் கதையை எடுத்துச் சொல்லக் கூடாது. அந்த உரிமை 1836-இல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் கிடைத்தது. கைதி தானே சத்தியம் செய்து சாட்சி சொல்வதற்கோ 1898 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக 1783 நவம்பரில் பாரிஸ்டராகப் பதிவான கேரோவின் கையில் இருந்த ஒரே ஆயுதம் கேள்வி.

பதினைந்து வயதிலேயே தாமஸ் சவுத்ஹவுஸ் என்ற அட்டர்னியிடம் வேலை பழகச் சேர்ந்தவர் அவர். தொடரில் ஜான் சவுத்ஹவுஸ் என்று அலன் ஆம்ஸ்ட்ராங் அருமையாக நடிக்கும் பாத்திரத்துக்கு மூலம் இவர்தான். முதல் வழக்கு 1784 ஜனவரியில், அதில் கேரோ நின்றது குற்றம் சாட்டிய பக்கம். ஏக்கிள்ஸ் என்பவர் நூறு பவுண்டு உண்டியலை (குறித்த பணத்தைக் கொடுக்கச் சொல்லும் வணிகப் பத்திரம்) வாங்கிக்கொண்டு பணமும் தராமல், உண்டியலையும் திருப்பித் தராமல் விட்டார். இது மோசடியா, திருட்டா என்று மூத்த வக்கீல்களை எதிர்த்து நின்று திருட்டுதான் என்று நிலைநாட்டினார் புதிதாக வந்த பையன். அடுத்த வருடம் அதே ஏக்கிள்ஸுக்காக ஆஜராகி அவரைக் காப்பாற்றவும் செய்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நேற்று யாருக்கு எதிராக நின்றோமோ, இன்று அவரே பைலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

அவர் பேர் பெற்றது ஆள்பிடிப்பவர்களைக் கூண்டில் வைத்துக் கேட்ட கேள்விகளால். வழிப்பறிக்காரன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்து அவனுக்குத் தண்டனையும் கிடைத்துவிட்டால் அரசாங்கம் நாற்பது பவுண்டு தரும். ஒரு கூலியாளின் வருடச் சம்பாத்தியத்தைவிட அதிகம். தண்டனை கிடைக்காவிட்டால் காசு இல்லை. இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1750-களில் மெக்டேனியல் என்பவனின் கும்பல் அப்பாவிகளை வலையில் விழவைத்து, பொய்ச் சாட்சி சொல்லி, தூக்குக்கு அனுப்பி, பரிசுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டது அம்பலமானது. அதற்குப் பிறகும் அந்தப் பரிசு 1818 வரை நீடித்தது.

பேசக் கூடாத வக்கீல் இதை ஜூரிகளுக்கு எப்படிச் சொல்வார்? கூண்டில் நிற்பவனிடம் கேட்பார். இவனுக்குத் தண்டனை கிடைத்தால் உனக்கு எவ்வளவு வரும்? உன் பங்கு எவ்வளவு? இதற்கு முன் எத்தனை வழக்கில் இப்படிச் சாட்சி சொன்னாய்? பிழைப்புக்கு என்ன செய்கிறாய்? பதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கேள்வியே ஜூரிகளின் காதில் விழுந்துவிடும். வாதத்தைக் கேள்விக்குள் மடித்து வைத்துக் கொடுக்கிற இந்த வித்தையைத்தான் இன்றைக்கும் நாங்கள் செய்கிறோம். ஒரே ஸ்டேஷனுக்கு ஏழெட்டு வழக்குகளில் மகஜர் சாட்சியாக (போலீஸ் பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் பத்திரத்துக்குச் சாட்சி) கையெழுத்துப் போட்டவர் கூண்டேறும்போது, 'ஸ்டேஷன் எதிரில்தானே உங்கள் கடை?' என்று ஆரம்பிப்போம். அவர் 'ஆமாம்' என்றாலும் சரி, 'பக்கத்தில்தான்' என்றாலும் சரி, நீதிபதியின் பேனா நின்று நிமிரும்.

தொடரில் முதல் பருவத்திலேயே இந்த ஆள்பிடிப்பவர்கள் விஷயம் வந்துவிடுகிறது, அந்த இடம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது. பிறந்த குழந்தையைக் கொன்றதாக வேலைக்காரப் பெண் மீது வரும் வழக்கும் அந்தக் காலத்துக்கு மிகப் பொருத்தம். அதன் பின்னால் இருந்த சட்டத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் காட்சி நெஞ்சை அடைக்கும். 1624-இல் போட்ட சட்டம் அது. கல்யாணமாகாத பெண் குழந்தை பெற்று, அது இறந்ததை மறைத்தால், கொலை செய்தாள் என்றே எடுத்துக்கொள்ளப்படும். குழந்தை பிறக்கும்போதே இறந்துதான் இருந்தது என்று அவளே சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். தனியாக ஒரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு பெற்றவள் சாட்சிக்கு எங்கே போவாள்? ஜூரிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்கென்று துணி தைத்து வைத்திருந்தாளா என்று கேட்பார்கள். ஒரு சின்னச் சட்டையோ தொப்பியோ காட்டினால் போதும், மறைக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை என்று விடுவித்துவிடுவார்கள். ஒரு முழத் துணியில் தொங்கியது உயிர். 1803-இல்தான் அந்தச் சட்டம் போனது. நிரபராதி என்ற அனுமானம் எதற்காக வேண்டும் என்று உங்கள் மகள் கேட்டால் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். அனுமானம் தலைகீழாக இருந்தால் என்ன ஆகும் என்பது இதில் தெரியும்.

ஜூரிகள் இன்னொன்றும் செய்தார்கள். நாற்பது ஷில்லிங் என்றால் தூக்கு அல்லவா? திருடிய பொருள் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் 'முப்பத்தொன்பது ஷில்லிங் பெறும்' என்று தீர்ப்பு எழுதுவார்கள். ஓல்டு பெய்லிப் பதிவுகளில் இந்த முப்பத்தொன்பது திரும்பத் திரும்ப வரும்.

இப்போது தொடர் விலகிப் போகும் இடங்களுக்கு வருகிறேன். டோனி மார்ச்சன்ட் உருவாக்கிய தொடர், 2009 முதல் 2011 வரை மூன்று பருவம், மொத்தம் பன்னிரண்டு பகுதிகள். கேரோவாக வருபவர் ஆண்ட்ரூ பக்கன். வழக்குகளின் எலும்புக்கூட்டை ஓல்டு பெய்லியில் அச்சான விசாரணைக் குறிப்புகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 1800-இல் டுரூரி லேன் நாடகக் கொட்டகையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைச் சுட முயன்ற ஹாட்ஃபீல்டுக்காக ஆஜரானவர் தாமஸ் எர்ஸ்கின், கேரோ அல்ல. போரில் தலையில் பட்ட வாள் வெட்டுகளைக் காட்டி, அவர் புத்தி பேதலித்தவர் என்று எர்ஸ்கின் நிலைநாட்டிய வழக்கு அது. கிரீன்விச் மாலுமிகள் ஆஸ்பத்திரி ஊழலை வெளியில் சொன்ன பெய்லியின் 1778 வழக்கும் எர்ஸ்கினுடையதே. அப்போது கேரோவுக்குப் பதினெட்டு வயது.

ஸாங் என்ற அடிமைக் கப்பலின் கதை இன்னும் தூரம். 1781 கடைசியில் ஜமைக்கா போன அந்தக் கப்பலிலிருந்து நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். பிறகு கப்பல்காரர்கள் சரக்கு நஷ்டம் என்று தலைக்கு முப்பது பவுண்டு இன்சூரன்ஸ் கேட்டார்கள். தொடரில் கேப்டன் காலிங்வுட் கோர்ட்டில் நிற்கிறார், கேரோ அவரை மடக்குகிறார். நிஜத்தில் காலிங்வுட் ஜமைக்கா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டார். 1783-இல் நடந்தது வெறும் இன்சூரன்ஸ் தகராறு. குதிரைகளைத் தள்ளிவிட்டால் எப்படியோ அப்படித்தான் இந்த வழக்கும் என்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்தக் கொலைகளுக்காக ஒருவர்மீதும் கிரிமினல் வழக்கு நடக்கவே இல்லை. அதைத் தொடர் பார்த்துவிட்டு நடந்ததாக நினைத்துக்கொண்டால், நடக்காமல் போனதன் கொடுமை மறைந்துவிடுகிறது. இந்த ஒரு இடத்தில் எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல் உண்டு. மற்றபடி கேரோ அடிமை வியாபாரத்தை வெறுத்தவர்தான். மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகள் வழக்கறிஞராக இருக்கச் சொல்லி அழைத்தபோது, மொத்தச் சொத்தையும் கொடுத்தாலும் வர மாட்டேன் என்று மறுத்தார்.

ஏன் எர்ஸ்கின் வழக்குகளைத் தூக்கிக் கேரோவுக்குக் கொடுத்தார்கள்? என் கணிப்பு இது. ராஜத் துரோக வழக்கில் மட்டும் 1696-லிருந்தே வக்கீல் ஜூரிகளிடம் முழுதாகப் பேசலாம். அந்த வழக்கில் மாட்டுபவர்கள் பிரபுக்களும் பார்லிமென்ட்காரர்களும். தங்கள் தலைக்கு ஆபத்து என்றவுடன் வக்கீல் தேவை என்று சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஆடு திருடியவன் மேலும் 140 வருடம் காத்திருந்தான். டி.வி. தொடருக்கு ஒரு கதாநாயகன் எழுந்து நின்று கர்ஜிக்க வேண்டும். கேரோவின் அன்றாட வழக்குகளில் கர்ஜனைக்கு அனுமதி இல்லை, கேள்விக்குத்தான் அனுமதி. எனவே பேச்சு இருக்கிற இடத்திலிருந்து கடன் வாங்கினார்கள்.

இதில் ஒரு முக்கியமான உண்மை அடிபட்டுப் போகிறது. 1794-இல் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளிமீது, எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று சங்கம் வைத்ததற்காக ராஜத் துரோக வழக்குப் போட்டார்கள். காப்பாற்றியவர் எர்ஸ்கின். எதிரே அரசுத் தரப்பு வக்கீல்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கேரோ! தொடரிலோ இதே சாயலில் வரும் வழக்கில் அவர் கைதியின் பக்கம். 1793-இல் கிங்ஸ் கவுன்சல் (அரசர் நியமிக்கும் மூத்த வக்கீல்) ஆனதிலிருந்து அவர் மெல்ல மெல்ல அரசின் ஆளானார். பிறகு பார்லிமென்ட் உறுப்பினர், 1812-இல் சொலிசிட்டர் ஜெனரல், 1813-இல் அட்டர்னி ஜெனரல், 1817-இலிருந்து நீதிபதி. சாமுவேல் ரோமிலி கொடூரத் தண்டனைச் சட்டங்களைத் திருத்தக் கொண்டுவந்த மசோதாவை அட்டர்னி ஜெனரலாக எதிர்த்தும் பேசினார். பத்து வருடம் ஏழைகளுக்காகக் கேள்வி கேட்டவர் அதே சட்டங்களுக்குக் காவல் நின்றார் என்பது எனக்கு வருத்தம்தான். அதற்காக அந்தப் பத்து வருடம் பொய்யாகிவிடாது.

அரசுத் தரப்பில் நின்ற கேரோவுக்கும் ஒரு பெரிய நாள் உண்டு, தொடர் அதை விடவில்லை. டிரினிடாட் தீவின் கவர்னராக இருந்த தாமஸ் பிக்டன், லூயிசா கால்டெரோன் என்ற சிறுமியைத் திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிச் சித்திரவதை செய்ய உத்தரவிட்டார். மணிக்கட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, ஒரு காலை மட்டும் கூரான முளைமேல் ஊன்ற விட்டார்கள். 1806-இல் லண்டனில் வழக்கு நடந்தபோது லூயிசா நேரில் வந்து சாட்சி சொன்னாள். கேரோ அந்தச் சித்திரவதையை வரைந்த படம் ஒன்றை எடுத்து ஜூரிகள் முன் வைத்தார். பிக்டன் குற்றவாளி என்று தீர்ப்பானது. மறு விசாரணைக்குப் பிறகு தண்டனை எதுவும் இல்லாமலே அவர் தப்பியது தனிக் கதை.

காதல் பகுதி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தொடரில் சர் ஆர்தர் ஹில்லின் மனைவி சாரா, கேரோவிடம் வந்துவிட, கணவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுகிறார். உண்மையான சாரா டோர், ஹில்லைக் கல்யாணம் செய்துகொண்டவரே இல்லை. அவர் மூலம் ஒரு மகன் இருந்தான், அவ்வளவுதான். கேரோவும் சாராவும் பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து, இரண்டு பிள்ளைகள் பெற்று, 1793-இல் மணம் செய்துகொண்டார்கள். ஆனால் மனைவியைக் கணவனின் உடைமைபோல மதித்து நஷ்டஈடு கேட்கும் வழக்குகள் அங்கே ஏராளமாக நடந்தன. அதே எண்ணத்தின் நிழல் நம் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவில் 2018 வரை கிடந்தது, உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறியும் வரை.

கடைசியாக அந்த வாசகம். கருத்து கேரோவினுடையது அல்ல. 1300 வாக்கிலேயே பிரான்ஸைச் சேர்ந்த ஒரு சர்ச் சட்ட நிபுணர் லத்தீனில் இதை எழுதிவைத்திருக்கிறார். இங்கிலாந்தில்கூட, நிரூபிக்கும் சுமை கடைசி வரை அரசுத் தரப்பின் தலையில்தான் என்று உச்ச அளவில் தெளிவாக்கியது 1935-இல் வந்த உல்மிங்டன் வழக்கு. இரண்டுக்கும் நடுவே, ஓல்டு பெய்லியில், ஜூரிகளின் காதில் விழும்படி ஆங்கிலத்தில் சொன்னவர் கேரோ.

அதைச் சொன்ன 1791 வழக்கு, ஜார்ஜ் டிங்ளர் என்பவர் மனைவியைக் கொன்றதாகப் போட்ட வழக்கு. அடிபட்டுக் கிடந்த மனைவி ஜேனிடம் மாஜிஸ்திரேட் ஒருவர் சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் எழுதி வாங்கியிருந்தார். பிறகு ஜேன் இறந்துவிட்டார். அதை வாசிக்க அரசுத் தரப்பு எழுந்தபோது கேரோ தடுத்தார். வாக்குமூலம் வாங்கும்போது கைதி அங்கே இல்லை, எதிரில் நின்று கேள்வி கேட்க அவனுக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பது வாதம். கோர்ட் ஏற்றுக்கொண்டு அந்தக் காகிதத்தை ஒதுக்கியது. நம் ஊரில் மரண வாக்குமூலத்துக்குத் தனி வழி உண்டு. சாகப் போகிறோம் என்ற எண்ணம் சொல்பவருக்கு இருந்தாக வேண்டும் என்றுகூட நம் சட்டம் கேட்பதில்லை, இங்கிலாந்துச் சட்டம் கேட்டது. ஆனால் சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில்தான் பதிவாக வேண்டும் என்ற பொது விதி நமக்கும் அதே விதிதான். டிங்ளர் தீர்ப்பை 2004-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிராஃபோர்டு வழக்கில் மேற்கோள் காட்டியது. 213 வருடம் கழித்து!

டிங்ளருக்கு அது உதவவில்லை. மற்ற சாட்சியங்களை நம்பி ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், தூக்கிலிட்டார்கள்.

ஓல்டு பெய்லியின் விசாரணைக் குறிப்புகள் 1674 முதல் 1913 வரை, இரண்டு லட்சத்தை நெருங்கும் வழக்குகள், இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. மகளிடம் முதல் பருவத்தை மறுபடி ஒரு தடவை போடச் சொல்லுங்கள், வக்கீல் பேசும் இடங்களை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கும் இடங்களை மட்டும் கவனிக்கட்டும். பிறகு அந்தக் குறிப்புகளில் 1784 முதல் 1793 வரை கேரோவின் பெயரைத் தேடி ஏதாவது ஒரு சின்னத் திருட்டு வழக்கைத் திறந்து படிக்கட்டும். பெரும்பாலும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். சாட்சி எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பென்சிலால் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.